எழுதிக் கொடுத்தவனுக்கு எதிராக

பத்திரத்தில் ஒரு சொல் இரண்டு பொருள் தரும்படி விழுந்துவிட்டால், அந்த ஐயத்தின் நட்டம் எழுதிக் கொடுத்தவனையே சேரும். நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் விதி இது. காப்பீட்டு வழக்குகளில் இன்றைக்கும் அடிக்கடி எடுத்தாளுகிறார்கள். வாசகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நீ. தெளிவாக எழுத உனக்கு வாய்ப்பு இருந்தது, எழுதவில்லை. அப்படியானால் நம்பி வாங்கியவன் கொண்ட பொருளே செல்லும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுத் தலை நரைக்கும்வரை கிரயமும் தானசெட்டில்மென்டும் எழுதிப் பிழைத்தவன் நான். இந்த விதியைப் போல நியாயமான ஒன்றைச் சட்டத்தில் அதிகம் பார்த்ததில்லை.

மதத்தில் மட்டும் இது தலைகீழாக நிற்கிறது. அங்கே சொல் விளங்கவில்லை என்றால் குற்றம் கேட்டவன் மேல். “உங்களுக்கு இன்னும் பக்குவம் வரலை ஐயா” என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தோடு வழக்கு தள்ளுபடி.

எங்கள் நைனார்பாளையத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற அளவுக்குச் சாமியார் பேச்சும் விளையும். ஊர்ப் பெயரில் இருக்கிற நைனாரே யார் வீட்டுச் சொத்து என்று தீர்த்துச் சொல்ல முடியாது. தமிழ்ச் சமணர்களுக்கு நயினார் பட்டப்பெயர், சைவர்களுக்கு அறுபத்துமூவரை நினைப்பூட்டும், முஸ்லிம்களிலும் நைனா முகமது உண்டு. அது கிடக்கட்டும். நான் வள்ளலார் வழிக்காரன். மாதப் பூசத்தன்று ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி அகவல் படிப்போம். 1596 அடி, நிறுத்தாமல் படித்தாலும் நேரம் பிடிக்கும். முடிந்ததும் அன்னம்பாலிப்பு. சோறு போடுவது என்று நாங்கள் சொல்வதில்லை. வள்ளலாராகிய இராமலிங்க அடிகளைப் பெருமானார் என்போம். இறந்தார் என்று சொல்லவே மாட்டோம், சித்தி பெற்றார் என்போம். மேட்டுக்குப்பத்து அறையைத் திருஅறை என்போம். வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் திருதிருவென்று விழிப்பார்.

அப்படி விழித்தவன்தான் என் அக்கா மகன். பெங்களூரில் கணினி வேலை. ஒரு பூசத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டு, இலை எடுத்த பிறகு கேட்டான்: “மாமா, சயன்டாலஜிக்காரங்களும் இப்படித்தான் தனி பாஷை பேசுறாங்க. உங்க சங்கத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?”

சட்டென்று கோபம் வந்தது. ஆனால் கேள்வி கோபத்தோடு போகவில்லை. அந்த அமைப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல். ரான் ஹப்பார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர், விஞ்ஞானப் புனைகதைகள் எழுதியவர், 1950-இல் ‘டயனெட்டிக்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். 1954-இல் லாஸ் ஏஞ்சலிசில் சயன்டாலஜி தேவாலயம் வந்தது. ஆன்மாவை அவர்கள் தீட்டன் என்கிறார்கள். இ-மீட்டர் என்ற கருவியைப் பிடித்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஆடிட்டிங். இவற்றுக்கெல்லாம் 1975-இல் தடித்த அகராதி ஒன்றையே அச்சிட்டார்கள். பத்திரக்காரன் கண்ணுக்கு இது நல்ல அடையாளமாகத்தான் பட்டது. சொல்லுக்கு வரையறை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களே என்று நினைத்தேன்.

ஆனால் ‘கிளியர்’ என்ற சொல்லின் கதையைப் பாருங்கள். பழைய வலிகளின் பதிவெல்லாம் நீங்கி, நினைவாற்றல் பழுதின்றித் திரும்பப் பெற்றவன் கிளியர் என்பது 1950-இன் வாக்குறுதி. அதே வருஷம் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிசின் ஷ்ரைன் அரங்கில், ஆயிரக்கணக்கானோர் முன்னால், இயற்பியல் படித்த ஓர் இளம்பெண்ணை முதல் கிளியர் என்று மேடையேற்றினார் ஹப்பார்ட். அவள் படித்த பாடத்தின் எளிய சூத்திரம் ஒன்றைக் கேட்டார்கள், வரவில்லை. ஹப்பார்ட் முதுகைத் திருப்பி நிற்க, அவர் கட்டியிருந்த டையின் நிறத்தைக் கேட்டார்கள், அதுவும் வரவில்லை. பிறகு அவர் கொடுத்த விளக்கம்: மேடைக்கு அழைக்கும்போது “இப்போது வா” என்று சொல்லிவிட்டேன், அந்த ‘இப்போது’ என்ற சொல் அவளை நிகழ்காலத்திலேயே பூட்டிவிட்டது. 1966-இல் ஜான் மக்மாஸ்டர் என்பவரை உலகின் முதல் கிளியர் என்று மறுபடி அறிவித்தார்கள். 1978 வாக்கில் வரையறை இன்னொரு முறை நகர்ந்தது. அகராதி இருந்தும் சொல் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாக்குறுதி கொடுத்த தரப்பே ஒவ்வொரு முறையும் எல்லைக்கல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டது.

இதைவிடக் கனமான வழக்கு ‘ஃபேர் கேம்’ என்ற சொல் மீது. அமைப்பின் எதிரி என்று குறிக்கப்பட்டவரை எப்படி நடத்தலாம் என்பதற்கு 1960-களில் வந்த கொள்கைச் சொல் இது. 1968-இல் அந்தப் பட்டத்தை இனி யாருக்கும் சூட்டக்கூடாது, வெளியில் கெட்ட பெயர் வருகிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிரியை நடத்தும் முறை பற்றிய கொள்கைகள் ரத்தாகவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. ரத்தானது நடைமுறையா, வெறும் சொல்லா என்று அமெரிக்க நீதிமன்றங்களில் பல காலம் வாதிட்டார்கள். ‘டிஸ்கனெக்ஷன்’ என்பதும் அப்படித்தான். வேண்டாத உறவை விட்டு விலகுவது தனிமனிதர் விருப்பம் என்கிறது தேவாலயம். பெற்ற பிள்ளையோடு பேச முடியாமல் போனோம், அது விருப்பமல்ல கட்டாயம் என்கிறார்கள் வெளியேறியவர்கள் பலர்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு எங்கள் திண்ணை நினைவுக்கு வந்தது. ஒருவன் பாடத்தில் குழம்பினால், கொட்டாவி விட்டால், படிப்பையே விட்டுப் போனால், அவன் ஏதோ ஒரு சொல்லின் பொருள் புரியாமல் தாண்டி வந்திருக்கிறான் என்று ஹப்பார்ட் சொல்கிறார். திரும்பிப் போய் அந்தச் சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு இது உதவலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இதற்குள் மறுப்பதற்கு இடமே இல்லை. ஒப்புக்கொண்டால் புரிந்தது என்று அர்த்தம், ஒப்பவில்லையானால் புரியவில்லை என்று அர்த்தம். எங்கள் ‘பக்குவம்’ செய்கிற வேலையைத்தான் அங்கே அகராதி செய்கிறது.

மைத்துனன் மகனானால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அக்கா மகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தரப்பில் முதல் வழக்கு மரணமிலாப் பெருவாழ்வு. எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர்தான், ஆனால் இதற்குப் பொருள் மூன்று. இந்த உடம்பே சாகாமல் ஒளியுடம்பாகும் என்பவர் ஒருவர், அவர்தான் மூத்தவர். பிறவிச் சுழற்சி அறுவதைத்தான் அப்படிச் சொன்னார் என்பவர்கள் இரண்டு மூன்று பேர். பசித்தவன் வயிற்றில் நாம் வாழ்வதே அது என்பான் ஒரு பையன். பெருமானாரின் காலத்தில் மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906-இல் வந்த தென்னார்க்காடு விவரச்சுவடி. அப்போது எங்கள் கள்ளக்குறிச்சித் தாலுகாவும் வடலூரும் ஒரே ஜில்லா. இறந்தவர் மீண்டும் எழுவர் என்று அவர் சீடர்களை நம்பச் செய்ததாகவும், அதனால் எரிக்காமல் புதைக்கச் சொன்னதாகவும், பிராமணர்கள்கூட அப்படிப் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படுவதாகவும், வேற்றூரில் இறந்தவர்களையும் வடலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ததாகவும் அதில் இருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரி கேலியாகத்தான் எழுதினார். ஆனால் கேலிக்கு அடியில் ஒரு தகவல் இருக்கிறது: ஜனங்கள் அந்தச் சொல்லை உருவகமாக எடுக்கவில்லை. சமாதி வைக்க வற்புறுத்தி அடிகளே 1871-இல் எழுத்தாகவும் வெளியிட்டார். 1874 ஜனவரி 30-இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் வெளியே வரவில்லை.

உருவகம் என்பவர்கள் என் நண்பர்கள்தான், இருந்தாலும் பத்திர விதிப்படி அவர்கள் கட்சி பலவீனமானது. எழுதிக் கொடுத்தவர் நேர்ப்பொருளில் எழுதி, நேர்ப்பொருளில் நடந்தும் காட்டியிருக்கிறார். பின்னால் வந்த நாம் சங்கடப்பட்டு அதை உருவகமாக்குகிறோம். நம்ப முடியவில்லை என்றால் நம்ப முடியவில்லை என்று சொல்லலாம். எனக்கும் முடியவில்லை. அதற்காக வாசகத்தை ஏன் வளைக்க வேண்டும்?

‘சுத்த’ என்ற சொல்லில் எனக்குத் தனிப் பிரியம். 1865-இல் அவர் தொடங்கியது சமரச வேத சன்மார்க்க சங்கம். 1872-இல் ‘வேத’ போய் ‘சுத்த’ வந்தது. அவர் நிறுவிய தருமச்சாலைக்கும் ஞான சபைக்கும்கூட அதேபோலப் பெயர் மாறியது. எங்கள் தொழிலில் பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு, அதை அவர் தாமே எழுதிக்கொண்டார். சுத்த என்றால் தூய்மையான என்று பலரும் சொல்லிவிட்டுப் போவார்கள். தூய்மை என்றதும் அங்கே தீட்டும் மடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவரோ அது சமய மத அனுபவங்களைக் கடந்த நிலையைக் குறிக்கும் முன்னொட்டு என்று விளக்குகிறார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நாங்கள் ‘சுத்தக் கிரயம்’ என்று எழுதுகிறோமே, அதில் தூய்மை எங்கே இருக்கிறது? மீட்கும் உரிமை இல்லை, நிபந்தனை இல்லை, யாதொரு வில்லங்கமும் இல்லை, அவ்வளவுதான். சுத்த சன்மார்க்கமும் வேதத்துக்கோ ஆகமத்துக்கோ அடமானம் இல்லாத மார்க்கம்.

அப்படி வில்லங்கமில்லாமல் ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொள்ள ஊர் விடுமா? 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு திருமுறைகளைத் ‘திருவருட்பா’ என்று அச்சேற்றினார். ஆசிரியர் பெயருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்று போட்டார். அருட்பா என்பதும் திருமுறை என்பதும் தேவாரம் திருவாசகத்துக்கு உரிய சொற்கள், உயிரோடு இருக்கும் ஒருவர் பாட்டுக்கு எப்படிச் சூட்டலாம் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கிளம்பினார். 1869-இல் போலியருட்பா மறுப்பு வந்தது. மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே நடந்ததை இரண்டு கட்சியும் இன்றுவரை இரண்டு விதமாகச் சொல்லும். அவர்கள் இருவரும் போன பிறகும், 1903 வாக்கில் கதிரைவேற்பிள்ளையும் பிற்பாடு மறைமலையடிகள் ஆன நாகை வேதாசலமும் சென்னையில் மேடை போட்டு அதே வழக்கை நடத்தினார்கள். நாவலரை வில்லனாக்குவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். ஒரு மரபுக்குள் பொருள் நிலைபெற்ற சொல்லை வெளியே எடுத்துப் போகும்போது மரபுக்காரன் தடுப்பு மனு போடத்தான் செய்வான். வேடிக்கை என்னவென்றால், சாமி என்ற பட்டத்தோடு தம் பெயரை அச்சில் போடுவதையே விரும்பாதவர் அடிகள். சொல்லைச் சூட்டியவர்கள் சீடர்கள், வழக்குச் சுமந்தது அவர்.

நம் காலத்திலும் நீதிமன்றம் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. சத்திய ஞான சபைக்குள் லிங்கம் வைத்து ஆகம முறையில் பூசை நடந்தது குறித்து அன்பர்கள் முறையிட்டார்கள். 2006-இல் அறநிலையத்துறை இணை ஆணையர் அதற்கு எதிராக உத்தரவிட்டார். 2010-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு அந்த உத்தரவை உறுதிசெய்தார். ‘வழிபாடு’ என்றால் என்ன என்பதற்கு ஆகமத்தைப் புரட்டவில்லை. 1872-இல் அடிகளே எழுதிவைத்த விதியைத்தான் எடுத்தார்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவரோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவரோ உள்ளே போய் விளக்கை வைக்கலாம் என்கிற விதி அது. மூல ஆவணம் இருக்கும்போது அதுவே பேசும். எனக்குப் படிக்கப் படிக்க இனித்தது.

பெருவெளி வழக்கு அவ்வளவு இனிக்கவில்லை. சபையைச் சுற்றியுள்ள திடலுக்குப் பெருவெளி என்று பெயர். பார்வதிபுரம் ஊரார் 1867-இல் அடிகளுக்குக் கொடுத்த எண்பது காணியோடு சேர்ந்த கதை அது. அங்கே சுமார் நூறு கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் ஊரார் குழிக்குள் இறங்கிப் போராடினார்கள், விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ‘வெளி’ என்பது ஞானத்தில் ஒரு நிலை, கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வெளி என்றால் வெளிதான் ஐயா, தைப்பூசத்தன்று ஏழு திரையும் விலகும்போது அத்தனை ஜனமும் எங்கே நிற்கும் என்று இன்னொருவர் கேட்டார். நான் இரண்டாமவர் கட்சி. நிலம் கொடுத்த குடியானவன் ஞானநிலையை அளந்து கொடுக்கவில்லை.

சில சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாகாத்தலை, வேகாக்கால், போகாப்புனல் ஆகியவை சித்தர் பரிபாஷை. கால் என்றால் காற்று என்று அறிந்தவனுக்குப் பாதி திறக்கும், மீதிக்கு ஆளுக்கு ஓர் உரை. திருவடி என்றால் இரண்டு கண்கள், அதைத் தீட்சையால் திறந்துவிட எங்களிடம் வாருங்கள் என்று சில சபைகள் கூப்பிடுகின்றன. பசித்திரு என்பதற்கு உண்ணாமல் கிட என்று பொருள் கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் 1867-இல் மூட்டிய அடுப்பை அணையவிடாமல் சோறு போடுகிறவர்கள் சங்கத்தில். கொடியில் கீழே வெள்ளை, மேலே மஞ்சள். அது உந்தியிலிருந்து புருவமத்தி வரை செல்லும் நாடியின் அடையாளம் என்று அடிகள் சொன்னார். அதைப் பீனியல் சுரப்பி என்று இப்போது சொற்பொழிவாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அவர் சொல்லாததை விஞ்ஞானத்தின் பெயரால் பட்டாவில் ஏற்றுகிற வேலை இது, எனக்கு எரிச்சல்தான் வரும்.

இத்தனை சொன்ன பிறகும் அக்கா மகன் கேள்வி அப்படியே நிற்கிறது. வித்தியாசம் என்ன?

அதற்கு நான் கொண்டுபோய்க் காட்டியது பேருபதேசம். 1873 அக்டோபர் 22, மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டுப் பேசிய பேச்சு. வேதம், ஆகமம், புராணம் எல்லாம் உண்மையை வெளிப்படையாகச் சொல்லாமல் குழூஉக்குறியாக வைத்து மூடிவிட்டன என்று அதில் குற்றம் சாட்டுகிறார். குழூஉக்குறி பள்ளிக்கூட இலக்கணத்தில் வருவது: தட்டார் பொன்னைப் பறி என்பார்களே, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல். உள்வட்டச் சொல்லே மறைப்பு என்று சொன்னவர் பெயரில் நாங்கள் ஓர் உள்வட்டச் சொல்லகராதி வளர்த்து வைத்திருக்கிறோம். இதில் அக்கா மகன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொண்டேன்.

அதே பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. தாம் முன்பு சைவத்தில் வைத்திருந்த பற்று அளவில்லாதது என்றும், அப்போது தமக்கு அறிவு அவ்வளவு கொஞ்சமாக இருந்தது என்றும் சொல்கிறார். தெய்வநிலையில் வைத்துக் கும்பிடக் காத்திருந்த கூட்டத்துக்கு முன்னால் சொன்னது இது. நீங்கள் என் பழைய பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம். ‘இப்போது’ என்ற சொல் பூட்டிவிட்டது என்பது போல ஒரு விளக்கமும் கிடைத்திருக்கும். அப்படிச் செய்யாமல், முன்பு எழுதியதன் குறையைத் தம் கணக்கிலேயே எழுதிக்கொண்டார். எழுதிக் கொடுத்தவனுக்கு எதிராகப் பொருள்கொள்ளும் விதியை எழுதிக் கொடுத்தவரே தமக்கு எதிராகப் பாவித்ததை மதத்தில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஹப்பார்டின் கதையில் நான் தேடியும் கிடைக்காதது இதுதான். இந்தக் குணம் சங்கத்துக்கு வந்து சேர்ந்ததா என்று அவன் கேட்டான். சேரவில்லை. ஆறாம் திருமுறைதான் செல்லும், முதல் ஐந்தையும் தொடக்கூடாது என்று ஒரு சாரார் அந்தப் பேச்சையே ஆயுதமாக்கி அடுத்தவரைப் பக்குவமில்லாதவர் என்கிறார்கள்.

போன வருஷங்களில் ஒன்றில் எங்கள் கூட்டத்து அன்பர் ஒருவர் காலமானார். எரிக்க வேண்டும் என்றார்கள் பங்காளிகள். அவரே பலமுறை சொல்லியிருந்ததால் பிள்ளைகள் சொந்தக் கொல்லையின் ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். பிறகு கடன் நெருக்க, அந்தக் கொல்லையை விற்க என் மேசைக்கு வந்தார்கள். ‘காலஞ்சென்ற’ என்று தகப்பனார் பெயருக்கு முன்னால் எழுதினேன். கூட வந்திருந்த எங்கள் மூத்தவர் அடித்தார்: “சித்தி பெற்றவருன்னு போடுங்க ஐயா.” இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இல்லாமல் பிள்ளைகளுக்குப் பாத்தியமே வராது, சித்தி பெற்றவர் சொத்தை விற்க முடியாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டு விட்டார். அடுத்து, ‘சமாதி உள்ள இடம் நீக்கி’ என்ற வரியை வாங்குகிறவர் பிடித்தார். சமாதி என்று போட்டால் நாளைக்குக் கோயில் என்று கூட்டம் வருமே, வழிபாட்டுப் பாத்தியம் யாருக்கு என்று கேட்டார். கேட்டது சரி. ‘அடக்கம் செய்யப்பட்ட இடம் ஒன்றரை சென்ட் நீக்கி’ என்று மாற்றி, ‘மேற்படி இடத்துக்குப் போகவர வடக்கு வரப்பில் மூன்றடி அகல நடைபாதை பாத்தியம் உண்டு’ என்று சேர்த்தேன். பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை விளக்கேற்றப் போவதற்கு வழி என்று வாங்குகிறவர் புரிந்துகொண்டார். மூத்தவர் வாசகத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். போகவும் வரவும் என்று இரண்டும் போட்டிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் யார் வரவை நினைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. மூன்றடி போதாது, நாலாக்குங்கள் என்றார். வாங்குகிறவர் மறுக்கவில்லை. அப்படியே திருத்தி அடித்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன்.